கலர் மாறிப்போச்சு, பளபளப்பு போச்சு: விளம்பரப் படக் கோளாறுகளைச் சரிசெய்யும் வழி

சேலை, நகை, பாத்திரம், எண்ணெய் பாட்டில், பலகாரம் என்று கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விளம்பரப் படம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். படத்தில் என்ன குறை கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

புது கேமரா வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை மட்டும் முதலில் தள்ளி வையுங்கள். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000 × 4000 படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். வார இதழின் முழுப் பக்கத்துக்கு அது தாராளம். ஹோர்டிங்கைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதால் அதற்கு இன்னும் குறைந்த டிபிஐ போதும். பொருள் படத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வெளிச்சத்தில் பிறக்கின்றன. மிச்சம் கோணத்திலும் ஃபைலைக் கையாள்வதிலும் வருபவை. கையில் பணம் இருந்தால் முதலில் விளக்கு, அடுத்து லென்ஸ், கடைசியில்தான் கேமரா.

எந்தக் குறையாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். கேமராவை மேனுவலில் வைத்து, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) என்று அமைத்து, ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால், அறையின் ட்யூப்லைட்டோ ஜன்னல் வெளிச்சமோ ஃப்ளாஷோடு கலக்கிறது என்று அர்த்தம். அதைத் தடுக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விளக்கையும் தூரத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

"நேரில் அரக்குச் சிவப்பு, படத்தில் செங்கல் நிறம்"

ஆன்லைனில் பட்டுச்சேலை விற்பவருக்கு இது நேரடிப் பண நஷ்டம். நிறம் வேறாக இருந்தால் சேலை திரும்பி வரும். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். முதலில் கேட்க வேண்டியது, நிறம் எங்கே மாறுகிறது என்பதுதான். உங்கள் மானிட்டரிலா, கடைக்காரரின் போனிலா, அச்சடித்த கேட்லாகிலா?

மானிட்டரிலேயே மாறித் தெரிந்தால் விளக்கைச் சந்தேகியுங்கள். எல்இடி விளக்குப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். வெளிறிய எட்டு நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் சராசரி அது. அடர்சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள். சாதாரண வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது, அதனால் அடர்சிவப்பில் அது இயல்பாகவே பலவீனமானது. சிஆர்ஐ 80 என்று போட்ட விளக்கின் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் அரக்குச் சேலை செங்கல் நிறமாகத்தான் வரும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சேலையை அந்த விளக்கின் கீழ் பாருங்கள், பிறகு பகலில் ஜன்னல் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விளக்கில் இல்லாத சிவப்பை, ஒட்டுமொத்தச் சாயத்தைச் சமன்செய்யும் வைட் பேலன்ஸ் கொண்டுவந்து தராது. மென்பொருளில் சிவப்பை ஏற்றினால் ஜரிகையும் மாடலின் முகமும் சேர்ந்து சிவக்கும். வீடியோவும் எடுக்க வேண்டியிருப்பதால் எல்இடிதான் வாங்குவேன் என்றால், சிஆர்ஐ 95க்கு மேலும் ஆர்9 90க்கு மேலும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெறும் புகைப்படம்தான் என்றால் ஃப்ளாஷே மேல் என்பது என் கருத்து. செனான் குழாயின் ஒளி எல்லா நிறங்களையும் தொடர்ச்சியாகக் கொண்டது, பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமானது.

விளக்கு நல்லது, ஆனாலும் சாயம் ஏறுகிறதா? சுவரைப் பாருங்கள். பச்சையோ ரோஜா நிறமோ பூசிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி சேலை மேல் விழும். சுவருக்குக் கறுப்புத் துணி மாட்டினால் போய்விடும்.

அடுத்தது நிற அட்டை. சாம்பல் அட்டை ஒட்டுமொத்தச் சாயத்தை மட்டும்தான் நீக்கும். 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையை ஒவ்வொரு விளக்கு அமைப்பிலும் ஒரு முறை ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூல ஃபைல்) எடுத்து, அதிலிருந்து கேமராவுக்கு ஒரு புரொஃபைல் செய்துகொண்டால் சிவப்பு, நீலம், பச்சை தனித்தனியாகத் திருந்தும். சேலைத் தொழிலுக்குப் படம் எடுப்பவர் இந்த அட்டை இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

மயில் கழுத்து நிறம் போன்ற சேலைகளில் மட்டும் இதெல்லாம் செய்தும் சண்டை தீராது. பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறு நிறம். பார்க்கும் கோணத்தைப் பொறுத்து இரண்டில் ஒன்று மேலே வரும். இதுதான் சரியான நிறம் என்று ஒன்றும் கிடையாது. சேலையின் உடல் பகுதியை விரித்து ஒரு படமும், மடிப்பு விழும்படி தொங்கவிட்டு ஒரு படமும் எடுத்து இரண்டையும் கொடுங்கள். எந்த நிறத்தின் பெயரில் விற்கிறார்கள் என்பதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மானிட்டரில் சரியாக இருந்து போனில் மட்டும் வெளிறித் தெரிந்தால், அடோப் ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் சேமித்த ஃபைலை அப்படியே அனுப்பியிருப்பீர்கள். திரையில் பார்ப்பதற்கான படம் எதுவானாலும் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியாக மாற்றி, புரொஃபைலை உள்ளே வைத்தே ஏற்றுமதி செய்யுங்கள். அச்சில் மட்டும் மாறினால் அது மையின் எல்லை. ராணி கலர், பளிச்சென்ற கிளிப்பச்சை போன்றவை சிஎம்ஒய்கே எனும் நான்கு அச்சு மைகளில் முழுதாக வராது; அடர்நீலம் ஊதாப் பக்கம் சாயும். அச்சகத்தில் அவர்களின் ஐசிசி புரொஃபைலைக் (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) கேட்டு வாங்கி, மானிட்டரிலேயே அச்சின் முன்னோட்டமான சாஃப்ட் ப்ரூஃப் பார்த்து, எவ்வளவு மாறும் என்பதை அச்சுக்கு முன்பே வாடிக்கையாளருக்குக் காட்டிவிடுங்கள். அச்சான பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் ஒலிக்கும்.

வெள்ளை வேட்டி நீலமாக வருகிறது, கறுப்புத் துணி மெரூனாக வருகிறது

முன்னதுக்குக் காரணம் துணியில் ஏற்றியிருக்கும் வெண்மையூட்டி. அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். விலை குறைந்த ஃப்ளாஷ் குழாய்களில் புறஊதாத் தடுப்புப் பூச்சு இருப்பதில்லை. லென்ஸில் யூவி ஃபில்டர் மாட்டுவதால் பயனில்லை, ஏனென்றால் மாற்றம் துணியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. தடுப்பை விளக்குக்கு முன்னால்தான் போட வேண்டும்: யூவி ஜெல், அல்லது பூச்சுள்ள குழாய்.

பின்னது அகச்சிவப்புக் கதிரால் வருவது, பெரும்பாலும் செயற்கை இழைத் துணியில். 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் இந்தக் குறை பெரிய அளவில் தெரிந்து, அந்த நிறுவனமே லென்ஸில் மாட்ட ஃபில்டர் கொடுத்தது. இன்றைய கேமராக்களில் குறைவுதான், ஆனால் ஹாலஜன் விளக்கில் எடுத்தால் எட்டிப் பார்க்கும். ஹாலஜனை விட்டு ஃப்ளாஷுக்கு வந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஜரிகை மங்கி, சேலை அட்டை போலத் தெரிகிறது

கேமராவுக்குப் பக்கத்திலேயே பெரிய சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வைத்து நேராக அடித்திருப்பீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோய், துணியின் பரப்பை உரசிக்கொண்டு வெளிச்சம் போகும்படி தாழ்வாக வையுங்கள். நெசவின் மேடுபள்ளம் தெரியும், புட்டாக்கள் எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்தால் நிழல் கடுமையாகாது. ஜரிகை உலோகம்போல் ஒளியைத் திருப்புவதால், விளக்கை ஓர் அடி நகர்த்தினாலே அது எரியும் அல்லது அணையும். வ்யூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே உதவியாளரை நகர்த்தச் சொல்லுங்கள். இதற்காகத்தான் மாடலிங் லைட் (வெளிச்சம் எங்கே விழும் என்று காட்டத் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) உள்ள ஃப்ளாஷ் நல்லது.

சேலையில் இல்லாத வானவில் கோடுகள்

நெசவின் நுண்கட்டமும் சென்சாரின் பிக்சல் கட்டமும் ஒன்றோடொன்று மோதி உண்டாகும் மோய்ரே இது. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கோடு மறைந்தால் அது திரையின் மாயம், ஃபைலில் குறை இல்லை. அப்படியே நின்றால் ஃபைலிலேயே இருக்கிறது. கேமராவை அரை அடி முன்னால் அல்லது பின்னால் நகர்த்துங்கள், அல்லது சற்றே சாய்த்துப் பாருங்கள். எஃப் 16க்குப் போனாலும் குறையும், கூர்மையும் கொஞ்சம் குறையும். நுண்கோலங்களைச் சற்று மங்கலாக்கும் லோ-பாஸ் ஃபில்டர் சென்சார் மேல் இல்லாத கேமராக்களில் இது அதிகம். துணி எடுக்கும்போது கேமராவை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, ஒவ்வொரு சேலையையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அடுத்ததை விரியுங்கள். எடுத்த பிறகு இதை நீக்குவது பெரும்பாடு.

எவர்சில்வர் பாத்திரத்தில் நானும் ட்ரைபாடும் தெரிகிறோம்

பாத்திரக் கடைப் படங்களில் தவறாமல் வருவது இது. பலரும் இதற்கு முதலில் போலரைசர் என்ற லென்ஸ் ஃபில்டரை வாங்குகிறார்கள். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் போட்ட மரம் ஆகியவற்றின் பிரதிபலிப்பை அது குறைக்கும். வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அது ஒன்றும் செய்யாது. விளக்கின் முன்பும் போலரைசிங் ஃபிலிம் மாட்டினால் மட்டுமே உலோகத்தில் வேலை செய்யும், அப்படிச் செய்தால் பாத்திரம் பளபளப்பை இழந்து ஈயம் பூசியதுபோல ஆகிவிடும். மங்கல் ஸ்ப்ரே அடிப்பதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதுப் பாத்திரத்தின் மினுக்குக்காகத்தான் அந்த விளம்பரமே.

பளபளப்பான உலோகத்துக்கு நாம் வெளிச்சம் போடுவதில்லை, அதற்கு எதைக் காட்டுவது என்று தேர்வு செய்கிறோம். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் கட்டையில் மோதுகிறதோ அதே கோணத்தில் திரும்புகிறது அல்லவா, ஒளியும் அப்படியே. கேமராவிலிருந்து பாத்திரத்தின் ஒரு புள்ளிக்குக் கோடு போட்டு, அது திரும்பிப் போகும் இடம் எது என்று பாருங்கள். அங்கே இருப்பதுதான் அந்தப் புள்ளியில் தெரியும். தட்டையான சாப்பாட்டுத் தட்டு என்றால் அந்த இடம் சிறியது, ஒரு வெள்ளைப் பலகை போதும். குடம், சொம்பு, டம்ளர் என்று வளைந்துவிட்டால் அறை முழுவதையும் அது பார்க்கும். அதனால் அறையையே மறைக்க வேண்டும்.

செய்முறை இப்படி. பாத்திரத்தின் இரு பக்கமும் மேலேயும் பெரிய பட்டர் பேப்பர் அல்லது ட்ரேசிங் பேப்பர் சுருளை வளைவாகத் தொங்கவிடுங்கள். மடிப்பு இருந்தால் அதுவும் பாத்திரத்தில் கோடாகத் தெரியும். ஃப்ளாஷைக் காகிதத்துக்கு வெளியே வையுங்கள். காகிதம் முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் பாத்திரம் சுண்ணாம்பு அடித்ததுபோல உயிரில்லாமல் இருக்கும். ஃப்ளாஷைக் காகிதத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் நடுவில் வெள்ளையும் ஓரம் போகப்போகச் சாம்பலுமாக ஒரு இழைவு வரும். அந்த இழைவுதான் குடத்துக்கு உருண்டை வடிவம் தருகிறது. கடைசியாக, வெள்ளைப் பின்னணியில் விளிம்பு கரைந்துபோகாமல் இருக்க, படச் சட்டத்துக்குச் சற்று வெளியே இரு பக்கமும் கறுப்பு சார்ட் பேப்பர் பட்டைகளை நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு வந்து பாத்திரம் தனித்து நிற்கும்.

கேமரா தெரிவதை முழுதாக ஒழிக்க முடியாது, சுருக்கலாம். 100 மிமீ லென்ஸ் போட்டுப் பின்னால் போய், காகிதத்தில் லென்ஸ் அளவுக்கு மட்டும் துளை விட்டு எடுத்தால் ஒரு சிறு கறுப்புப் புள்ளியே மிஞ்சும். அதை மென்பொருளில் அழிப்பது ஒரு நிமிட வேலை. இதற்கெல்லாம் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் காகிதம், தெர்மாகோல், பைண்டர் கிளிப் தவிர வேறு எதுவும் வேண்டாம். சந்தையில் விற்கும் மடக்குக் கூடாரப் பெட்டிகள் சிறு பொருளுக்குச் சரி. ஆனால் வெளிச்சத்தை நாலாபக்கமும் ஒரே மாதிரி சமப்படுத்தி, அந்த இழைவைக் கொன்றுவிடும்.

பித்தளைக் குத்துவிளக்குக்கும் முறை இதுவே. ஏற்றிய சுடரும் வேண்டும் என்றால் 1/160இல் அது ஃப்ளாஷில் அமுங்கிப்போகும். ட்ரைபாடில் வைத்து ஷட்டரை 1/4 நொடி வரை இறக்குங்கள். ஃப்ளாஷ் உலோகத்தையும் மெதுவான ஷட்டர் சுடரையும் பதிவு செய்யும். இங்கே மட்டும் ஃப்ளாஷை அணைத்த சோதனைப் படத்தில் சுடர் தெரிய வேண்டும், மற்றது கறுப்பாக இருக்க வேண்டும். காற்று ஆடாமல் மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

நகையில் கல் உயிரில்லாமல் இருக்கிறது, தங்கம் வெளிறிப்போகிறது

மென்மையான வெளிச்சம் மட்டும் போட்டால் உலோகம் அழகாக வரும், கல் செத்துப்போகும். வைரத்தின் மினுக்கத்துக்குச் சிறிய, கடினமான ஒளிப்புள்ளி வேண்டும். சாஃப்ட்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் உயரத்திலிருந்து சிறு ஸ்பீட்லைட்டை (கேமரா மேலும் மாட்டக்கூடிய கையடக்க ஃப்ளாஷ்), ஒளியைக் குறுக்கும் ஸ்னூட் குழாய் மாட்டிக் கூடுதலாகக் கொடுங்கள். தங்கம் வெளிறுவது வெள்ளை அட்டைகளைப் பிரதிபலிப்பதால். ஒரு பக்க அட்டையை மட்டும் க்ரீம் அல்லது தங்க நிறத்துக்கு மாற்றினால் 22 காரட்டின் மஞ்சள் திரும்பும். எல்லா அட்டையையும் மாற்றிவிட்டால் முத்தும் வெள்ளைக் கல்லும் மஞ்சளாகிவிடும்.

மோதிரத்தின் முன்பகுதி கூர்மை, பின்பகுதி மங்கல் என்றால் எஃப் 22க்கு ஓடாதீர்கள். அங்கே சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் மொத்தமும் மென்மையாகிவிடும். நெருக்கப் படத்தில் இது இன்னும் மோசம்: 1:1 அளவில் (பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவு) எஃப் 16 என்று வைத்தால் அது ஏறத்தாழ எஃப் 32 போல நடந்துகொள்ளும். எஃப் 8இல் வைத்து ஃபோகஸை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஃபோட்டோஷாப்பிலோ ஹெலிகான் ஃபோகஸிலோ அடுக்குங்கள். அசையாத ட்ரைபாட் இல்லாமல் இது நடக்காது. நகை எடுப்பவர் புது லென்ஸுக்கு முன்னால் கனமான ட்ரைபாட் வாங்க வேண்டும்.

படத்தில் கறுப்புப் பட்டை

இதில் இரண்டு வகை. ஒரு ஓரத்தில் மட்டும் ஒற்றைக் கறுப்புப் பட்டை என்றால் ஷட்டர் ஃப்ளாஷின் ஒத்திசைவு வேகத்தை (ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃப்ளாஷ் அடிக்க முடிகிற அதிகபட்ச வேகம்) தாண்டிவிட்டது. பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் இயக்கும் ட்ரிக்கர் மலிவானதாக இருந்தால் 1/160க்கு இறங்குங்கள். மங்கலான பட்டைகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் எல்இடியின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தால் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

இட்லி சாம்பலாகவும் பச்சையாகவும் வருகிறது

சாம்பல் வருவது கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடுவதால். வெள்ளை நிறைந்த படத்தில் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள், மேல்புறத்தின் துளைகள் வெளுத்து மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை வேறு கதை. அது வாழை இலையில் பட்டுத் திரும்பும் ஒளி; இட்லியின் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். வைட் பேலன்ஸால் அதை நீக்கப் பார்த்தால் சட்னியும் மேல்பாதியும் ரோஜா நிறமாகும். கேமராப் பக்கம், சட்டத்துக்குக் கீழே ஒரு சிறு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் பாதி குறையும். மீதி இருக்கட்டும், இலையில் வைத்த இட்லிக்கு அது இயல்புதான். ஆவி தெரிய வேண்டுமென்றால் கறுத்த பின்னணியும் பின்னாலிருந்து வரும் ஒளியும் வேண்டும். முன்னால் அடிக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு கொதிக்கும் ஃபில்டர் காபியிலும் ஆவி தெரியாது.

வெள்ளைப் பின்னணி சாம்பலாகிறது, அல்லது பொருளைத் தின்கிறது

அமேசானில் முதன்மைப் படத்துக்குப் பின்னணி 255, 255, 255 என்ற தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும். பொருளின் விளக்கே பின்னணியையும் வெளுக்கும் என்று நம்பினால் சாம்பல்தான் வரும், தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகிவிடுகிறதே. பின்னணிக்குத் தனி விளக்கு கொடுங்கள், பொருளைவிட அரை முதல் ஒரு ஸ்டாப் வரை மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் விளிம்புகள் கரையும். பொருளைப் பின்னணியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

எண்ணெய் பாட்டில் கீழே குறுகிச் சாய்கிறது

வைட் லென்ஸோடு நெருங்கி நின்று, கேமராவை மேலிருந்து கீழே சாய்த்திருக்கிறீர்கள். 85 அல்லது 100 மிமீக்கு மாறி, கேமராவை பாட்டிலின் நடு உயரத்துக்கு இறக்கி நேராக வையுங்கள்.

ஃப்ளாஷில் எடுத்தும் எண்ணெய்த் தாரை, நீர்த்துளி மங்கல்

ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. இருட்டறையில் அசைவை உறைய வைப்பது ஃப்ளாஷ் எரியும் நேரம். ஸ்பீட்லைட்டின் சக்தியைக் குறைக்கக் குறைக்க அந்த நேரமும் சுருங்கும், 1/32 சக்தியில் 1/10000 நொடி அளவுக்குக்கூடப் போகும். பழைய பாணி ஸ்டூடியோ ஃப்ளாஷ்கள் பலவற்றில் இது தலைகீழ், சக்தியைக் குறைத்தால் நேரம் நீளும். ஃப்ளாஷ் வாங்கும்போது கையேட்டில் டி0.1 என்று கொடுத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள் (ஒளி உச்சத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் நேரம் அது; டி0.5 என்பது பாதிக்கு மேல் இருக்கும் நேரம் மட்டும்). டி0.5 எண் எப்போதும் கவர்ச்சியாகவே இருக்கும், உறைய வைப்பதை அது சரியாகச் சொல்லாது. குறைந்த சக்தியில் வெளிச்சம் போதாவிட்டால் சக்தியைக் கூட்டாதீர்கள். இரண்டு மூன்று ஸ்பீட்லைட்டுகளை ஒன்றாகக் கட்டி ஒரே திசையில் வையுங்கள்.

ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு

ஃப்ளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆகும் முன்பே அடுத்த படத்தை எடுக்கிறீர்கள். தயார் என்று பீப் ஒலித்த பிறகும் ஒரு நொடி காத்திருங்கள். விலை குறைந்தவற்றில் பீப் கொஞ்சம் முந்திக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் ஸ்பீட்லைட் என்றால் அல்கலைனை விட்டு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு மாறுங்கள், சீக்கிரம் தயாராகும். அப்படியும் படத்துக்குப் படம் நிறம் ஆடினால் அந்த ஃப்ளாஷைப் பின்னணிக்கு ஒதுக்கிவிட்டு, பொருள் மேல் விழும் முதன்மை விளக்குக்கு நல்லதாக ஒன்று வாங்குங்கள்.